தொண்ணூற்று ஐந்தாவது குன்று

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் 95 குன்றுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தக் குன்றுகளுக்கு ‘எத்தெல்கள்’ என்று பெயர். அந்த நிலப்பரப்பைக் காக்க 1924இல் ஷெஃபீல்டில் அமைப்புத் தொடங்கிய எத்தெல் ஹேதோர்ன்த்வெய்ட் என்ற பெண்மணியின் நினைவாக 2021இல் பட்டியலை வெளியிட்டார்கள். அங்கே படிக்கப் போயிருந்த நாங்கள் நான்கு பேர், அதிகச் செலவில்லாத பொழுதுபோக்கு என்று இதைக் கையில் எடுத்தோம்.

எடுத்த பிறகுதான் அது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று தெரிந்தது. இந்தக் குன்றுகளில் பலவும் ஒரு காலத்தில் பறவை வேட்டையாடும் நிலவுடைமையாளர்களின் கையில் இருந்தவை. சுற்று நகரங்களின் ஆலைத் தொழிலாளிகள் அங்கே கால் வைக்க முடியாது. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு இளைஞர்கள் தடையை மீறி கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள். முன்நின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. அவரோடு சேர்த்து ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. திறந்த மலைவெளிகளில் யாரும் நடக்கலாம் என்ற உரிமைக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும் என்று எங்கள் தாத்தாக்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 1924இல் வைக்கத்தில் போராட்டம் நடந்ததும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகத்தான். இரண்டும் ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கிண்டரில் ஏறியவரின் பிறப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ‘இங்கே நடக்காதே’ என்ற சொல் எங்களுக்குப் பழக்கமான சொல். அதனால் ஒவ்வொரு குன்றாக அடித்துவிட்டு வருவதில் எங்களுக்கு ஒரு வீம்பு இருந்தது.

மூன்று ஆண்டுகளில் 94 முடிந்தது. மிச்சம் ப்ளீக்லோ, 633 மீட்டர்.

நவம்பர் மாதச் சனிக்கிழமை. ஸ்னேக் பாஸ் சாலையின் உச்சியில் காரை நிறுத்திவிட்டு நடந்தால் மூன்றரைக் கிலோமீட்டர் அளவுதான், ஒரு மணி நேர நடை. ஆனால் அன்று பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி இருப்பவரே தெரியவில்லை. மழை பக்கவாட்டில் அடித்தது. அங்குள்ள மண் கறுப்புச் சதுப்பு. ஓடைகள் அதை ஆளுயரத்துக்கு அறுத்துப் போட்டிருக்கின்றன. பாதை விட்டால் எல்லாத் திசையும் ஒன்றுபோலவே இருக்கும்.

உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில் எங்களில் இளையவன் பின்தங்கினான். முதலில் நடுங்கினான். பிறகு கையுறையை மாட்டத் தெரியாமல் தடுமாறினான். கேட்டதற்கு, “ஒண்ணும் இல்லண்ணா, போலாம்” என்று குழறினான்.

எங்களில் மூத்தவரான அக்கா நின்றுவிட்டார். “மேல போனா நாலு பேரும் எறங்குவோம்னு யாராவது சொல்லுங்க. சொல்ல முடியலன்னா திரும்புங்க.”

யாராலும் சொல்ல முடியவில்லை. திரும்பினோம்.

காரில் ஹீட்டரைப் போட்டு, நனைந்த உடைகளைக் கழற்றி, ஃபிளாஸ்கில் இருந்த சூடான இனிப்புத் தேநீரைக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் அவன் பேச்சு தெளிந்தது. எங்களுக்குள் கோபம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. மூன்று வருட உழைப்பை இவன் கெடுத்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தோம்.

பிறகுதான் அவன் கழற்றிப் போட்ட மேல்சட்டையைப் பார்த்தோம். காற்றுக்கு மட்டுமே தாங்கும் மெல்லிய சட்டை. மழைக்கு நிற்கும் சட்டை வாங்க அவனிடம் காசில்லை. சொன்னால் விட்டுவிட்டுப் போவோமோ என்று சொல்லவில்லை. கிளம்பும் முன் வரைபடம் பார்த்தோம், வானிலை பார்த்தோம், டார்ச்சுக்கு பேட்டரி பார்த்தோம். அவன் சட்டையை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

தோழர்களே, நம் கூட்டங்களிலும் இது நடக்கிறது. பேருந்துக் கட்டணம் இல்லாமல் வராமல் போனவரை ‘ஈடுபாடு இல்லாதவர்’ என்று எழுதிவிடுகிறோம். வீட்டில் அனுமதி கிடைக்காத தங்கையைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுகிறோம். என்ன தடுத்தது என்று கேட்பதில்லை. சொல்ல வெட்கப்படுபவர் தானாக வந்து சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். அன்றும் மழைதான். எல்லாரும் காசு போட்டு வாங்கிய சட்டையில் அவன் முன்னால் நடந்தான், அவன் வேகத்துக்கு நாங்கள் நடந்தோம். உச்சியில் ஒரு கற்குவியலும் அதில் நட்ட ஒரு கம்பும் இருந்தன. சுற்றிலும் வெள்ளை மூட்டம், வேறெதுவும் தெரியவில்லை. நான்கு முகங்களும் விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் இறங்கினோம்.