கிளிப் போட்டிருந்தேன், ஹெல்மட் கழன்றுவிட்டது



போன மாதம் நான் ஸ்கூட்டியால் விழுந்ததைக் கேள்விப்பட்டு வந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "ஏன் டீச்சர், ஹெல்மட் போடல்லையா?"

போட்டிருந்தேன். கிளிப்பும் பூட்டியிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாடசாலை விட்டு கடற்கரைப் பக்க வீதியால் வந்துகொண்டிருந்தேன். பெரிய வேகம் இல்லை, 30 இருக்கும். வளைவில் மணல் படிந்து கிடந்தது. பிரேக்கைத் தொட்டதும் ஸ்கூட்டி சரிந்தது. முதலில் தோள், பிறகு தலை. அல்ஹம்துலில்லாஹ், தலை பட்டது மணலில். எழும்பிப் பார்த்தால் ஹெல்மட் 6 அடி தள்ளி உருண்டு கிடக்கிறது. நான் விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி வடிகானின் கொங்கிறீட் கட்டு.

என்னைத் தூக்கிவிட்ட பொடியன் ஹெல்மட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ராத்தா, கிளிப் பூட்டினபடியே இருக்கே. எப்பிடிக் கழன்டிச்சி?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று அதே ஹெல்மட்டைப் போட்டுப் பார்த்தேன். அது மகன்ட வாப்பாவின் பழைய ஹெல்மட். அவர் புதிது வாங்கியதும் இது எனக்கு வந்தது. பட்டி அவருடைய நாடிக்கும் தாடிக்கும் அளவாக விட்டபடியே இருந்தது. உள்ளே எக்ஸ்.எல். என்று ஒட்டியிருந்தது. தையல் டேப்பை எடுத்து என் தலையை அளந்தேன். 55 சென்ரிமீற்றர்.

இரண்டு வருடமாக நான் போட்டுத் திரிந்தது ஹெல்மட் இல்லை, ஒரு சட்டி.

"இறுக்கமாகத்தானே இருந்தது" என்று யோசித்தேன். பிறகுதான் விளங்கியது. இறுகியது தலை இல்லை, ஸ்காஃபுக்குள் இருந்த கொண்டை. கொண்டை பின்னால் முட்டுக்கொடுத்ததால் ஹெல்மட் அசையாமல் இருப்பதுபோல் தெரிந்திருக்கிறது. விழுந்த வேகத்தில் ஸ்காஃப் வழுக்க, ஹெல்மட் முன்பக்கமாகக் கழன்று போய்விட்டது.

அடுத்த நாளே ஹெல்மட் கடைக்குப் போனோம். கடைத் தம்பி பொறுமையாகச் சொல்லித் தந்ததையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அளவு. புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலாக, பிடரியில் தலை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள். ஆனால் ஒரு கம்பனியின் மீடியம் இன்னொரு கம்பனிக்கு ஸ்மோலாக இருக்கலாம். ஆகவே போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

போட்டதும் முன் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். நெற்றி முழுக்கத் தெரிந்தால் பிழை. முழுமுக ஹெல்மட் என்றால் கன்னம் இரண்டும் அமுங்க வேண்டும். ஹெல்மட்டை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். முகத்துத் தோலும் கூடவே இழுபட வேண்டும். ஹெல்மட் தனியாகச் சுழன்றால் அது பெரிது. 10 நிமிடமாவது கடையிலேயே போட்டிருங்கள். ஒரே இடத்தில் குத்தினால் அதன் வடிவம் உங்கள் தலைக்குச் சரியில்லை. மற்றபடி, புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே நல்லது. உள்ளே இருக்கும் பஞ்சு போகப்போக அமுங்கிவிடும்.

பட்டிக்கும் நாடிக்கும் இடையில் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் போகலாம். கடைசியாக, கிளிப் பூட்டியபடி பிடரிப் பக்க விளிம்பில் கையை வைத்து மேலேயும் முன்னேயும் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால், எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் அது உங்களுக்குரிய ஹெல்மட் இல்லை. எஸ்.எல்.எஸ். அடையாளம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஆனால் அந்த அடையாளம் ஹெல்மட்டின் தரத்தைத்தான் சொல்லும். உங்கள் தலைக்கு அளவா என்று சொல்லாது.

சகோதரிகளே, கொண்டையை உயர்த்திக் கட்டாமல் முடியைக் கழுத்தோடு தாழ்த்திக் கட்டுங்கள். உள்ளே மெல்லிய இன்னர் போதும். ஹெல்மட்டுக்குள் வருகிற இடத்தில் ஊசி குத்த வேண்டாம். தினமும் அணிகிற ஸ்காஃபோடேயே கடைக்குப் போய் அளவு பாருங்கள். ஆண்களே, தொப்பிக்கு மேல் ஹெல்மட் போடாமல், தொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிவாசலில் எடுத்துப் போடுங்கள்.

பழைய ஹெல்மட்டை மகன்ட வாப்பா அறுத்துத் தந்தார். அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். தரம் 8க்குச் சுற்றளவு பாடம். உள்ளே இருக்கும் ரிஜிபோமைப் பிள்ளைகள் விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். அமுங்கிய இடம் திரும்ப எழும்பவில்லை. அடி விழும்போது அது நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. ஆகவே, தலையோடு சேர்ந்து ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், திரும்பப் பாவிக்கக் கூடாது என்று சொன்னேன்.

பிறகு எல்லோருடைய தலையையும் டேப்பால் அளந்தோம். ஒரே வகுப்புக்குள் 51இலிருந்து 57 வரை வந்தது. ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "டீச்சர், எங்கட வீட்ட அஞ்சி பேர். ஹெல்மட் ரெண்டுதான். ஒண்டு வாப்பாட. மற்றது யாருக்கு அளவு?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நல்ல ஹெல்மட் ஓட்டுகிறவருக்கு. பின்னால் இருக்கிறவருக்கு, பொலிஸுக்குக் காட்ட ஏதாவது ஒன்று. டேங்கில் இருக்கிற சின்னவனுக்கு அதுவும் இல்லை. விழும்போது மூன்று தலையும் ஒரே தார் வீதியில்தானே விழும்?

காலையில் கேற் டியூட்டியில் நிற்கும்போது ஹெல்மட்டை முழங்கையில் கொழுவிக்கொண்டு வரும் வாப்பாமாரைப் பார்த்து முன்பெல்லாம் கோபப்படுவேன். இப்போது, கிளிப்பும் பூட்டி, நெற்றி தெரிய, ஆடுகிற ஹெல்மட்டோடு பின்னால் இருந்து வரும் உம்மாமாரைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. அவர்கள் தங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

எல்லோருக்கும் ஒரே நாளில் புதிது வாங்க முடியாது. சம்பளத்தில் வாழ்கிற எனக்கும் அது தெரியும். நாங்கள் இந்த மாதம் எனக்கு வாங்கினோம், அடுத்த மாதம் சின்னவனுக்கு, இன்ஷா அல்லாஹ். அதுவரை அவன் வேனில் போகிறான். ஆனால் பட்டியை அளவாக இழுத்துவிடக் காசு தேவையில்லை. இன்றிரவு வீட்டில் இருக்கிற ஒவ்வொரு ஹெல்மட்டையும் எடுத்து, அதைப் போடுகிறவருடைய தலையில் வைத்து, கிளிப்பைப் பூட்டி, பின்னாலிருந்து ஒரு முறை தள்ளிப் பாருங்கள்.

கழன்று வந்தால், அது வீட்டுக்குள் கழன்றதே என்று சந்தோசப்படுங்கள்.