'கூச்ச சுபாவம்' என்றார்கள்

கல்லூரியில் முதல் வாரம். ஸ்காலர்ஷிப் படிவம் கொண்டுவந்த அலுவலர், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, "எஸ்.சி. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். ஒன்பது பேர் நின்றோம். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு மூன்று வருடத்தில் நான் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வருகைப்பதிவில் என் பெயர் நெருங்கும்போதே உள்ளங்கை வியர்க்கும், தொண்டை அடைக்கும். கூச்ச சுபாவம் என்றார்கள். நானும் நம்பினேன்.

உண்மையில் அது ஒடுகத்தூரிலேயே தொடங்கிவிட்டது. அப்பா ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்தார். சுண்ணாம்பில் ஊறிய தோலைத் தூக்கிப் போடுகிற வேலை. எத்தனை முறை குளித்தாலும் அந்த வாசனை போகாது. அவர் சட்டையும் என் யூனிஃபார்மும் ஒரே கொடியில் காயும். பக்கத்து பெஞ்சுக்காரி மூக்கைப் பொத்தியது ஒரே ஒரு முறைதான். அதற்கே பள்ளி முடியும்வரை யூனிஃபார்மை இரண்டு முறை துவைத்தேன், பவுடரைக் கொட்டிக்கொண்டேன், யாரோடும் ஒட்டி உட்காரவில்லை.

எம்.ஏ. சமூகவியல் முடித்து வேலைக்கு வந்த பிறகுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது: சமூகப் பதற்றம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980இல்தான் இது தனி நோயாக இடம்பெற்றது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995இல் சொன்ன விளக்கம் எனக்கு அப்படியே பொருந்தியது. பயப்படுகிறவர் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதில்லை; தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தப்பிக்கச் சில வேலைகள் செய்கிறார், அந்த வேலைகளே பயத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கின்றன. என் பவுடர் டப்பா அதுதான். ஊர் கேட்டால் "வேலூர் பக்கம்" என்று முடித்துக்கொள்வதும் அதுதான்.

சிகிச்சைக்குப் போனேன். பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போ, நீ நினைத்தது நடக்கிறதா பார் என்பதுதான் அதன் சாரம். ஆலோசகர் நல்லவர். ஆனால் "யாரும் உங்களை அப்படிப் பார்க்கவில்லை, அது உங்கள் எண்ணம்" என்றபோது எனக்குக் கோபம் வந்தது. எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு டம்ளரை மாற்றுகிறவர்கள் என் எண்ணமா? பள்ளியில் உட்காரத் தானே ஒரு சாக்குத் துண்டைக் கொண்டுபோனதையும், பியூன் வராத நாளில் தண்ணீர் கிடைக்காததையும் பாபாசாகேப் எழுதிவைத்திருக்கிறாரே, அது பதற்ற நோயா?

சண்டைக்குப் பிறகு இருவரும் ஒரு வழி கண்டோம். நோட்டில் இரண்டு பத்தி. நடந்தது ஒரு பக்கம், நடக்கும் என்று நான் பயந்தது மறுபக்கம். இரண்டாவதற்குத்தான் சிகிச்சை. முதலாவதற்குப் புகார், சங்கம், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். எழுதிப் பார்த்தால் இரண்டாவது பத்திதான் நீளமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

சிலருக்கு மாத்திரையும் வேண்டும். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. நம் பகுதிக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையமும் இருக்கின்றன. போனில் பேசினால் போதும் என்றால் டெலி மானஸ், 14416. 2022 முதல் இயங்குகிறது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

இப்போது ஞாயிறு மாலைகளில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஷூ கம்பெனி வேனில் ஆம்பூர் போய்வரும் ஒரு தங்கச்சி வருகிறாள். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சம், அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அவள் நோட்டிலும் இரண்டு பத்தி போட்டோம். அவர் முன்பு ஒருத்தியைத் திட்டியது முதல் பத்தியில். எல்லோரும் சிரிப்பார்கள் என்பது இரண்டாவதில். முதலாவதற்காக லைனில் நான்கு பெண்கள் சேர்ந்து போய்ப் பேசினார்கள். இரண்டாவதை அவளே தனியாகச் செய்து பார்த்தாள்.

"கை நடுங்கிச்சுக்கா. ஆனா யாரும் தலையே நிமிரல, எல்லாரும் தையல்ல இருந்தாங்க" என்றாள்.

இந்த வாரம் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறாளாம்.