மேசைமேல் இருந்த கல்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குச் சென்றிருந்தேன். பல்லாண்டுகளாக என் மேசைத் தாள்களுக்குப் பாரமாயிருந்த வெண்ணிற முருகைக்கல்லைப் பற்றி, சங்கு குளித்து முதிர்ந்த பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடியது.

"சாமி, அது வெறுங்கல் அல்ல, செத்த உயிர்களின் கூடு. மூழ்கும்போது நாங்கள் பார்மேல் காலூன்ற மாட்டோம்" என்றார்.

தூத்துக்குடிமுதல் இராமேசுவரம்வரை 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடா 1986-இல் தேசியப் பூங்காவானது. அதன் பின்னும் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பாரை வெட்டினர். அரணிழந்த விலாங்குச்சல்லித் தீவு நீரில் அமிழ்ந்தது. பல முருகைகள் ஆண்டுக்கு ஒரு விரற்கடைகூட வளர்வதில்லை.

கடலில் திருப்பிப் போட்டாலும் என் கல் உயிர்க்காது. ஆகவே மறைக்கல்வி வகுப்பில் சிறுவர் கைகளில் அதைக் கொடுத்து, என் அறியாமையையும் சேர்த்தே சொல்லி வருகிறேன்.