முதலில் ஊறட்டும்

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் வழியில் இருக்கிறது தருமபுரம். பெயரைச் சொன்னால் மயிலாடுதுறைப் பக்கத்து ஆதீனத்தை நினைப்பவர்கள் உண்டு. இது வேறு ஊர். சம்பந்தரின் பதிகம் யாழில் அடங்காமல் போக, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே முறிக்கப் போன கதை இந்த ஊருக்கு உரியது. இங்குள்ள இறைவனுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர் வந்ததும் அதனால்தான். அந்த ஊரில் சாலையோரத் தகரக் கொட்டகை ஒன்றில் நடக்கும் கார்ப் பட்டறைக்குப் போயிருந்தேன்.

சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுச் சனீஸ்வரர் கோயிலுக்கு வண்டிகள் வந்து குவிகின்றன. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சியைப் போன்ற நாட்களில் கேட்கவே வேண்டாம். நிழல் கிடைத்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நளதீர்த்தத்தில் நீராடப் போகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் பானெட்டில் பிசுபிசுவென்று புள்ளிகள். வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் மாதக்கணக்கில் நிற்கும் உள்ளூர் வண்டிகளின் நிலை இன்னும் மோசம்.

பட்டறையின் மூத்த பெயிண்டர் அம்பாசடர் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். கறையைப் பார்த்ததும் வண்டிக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எந்த மரத்தடியில நிறுத்துனீங்க சார்?” பலர் இதை ஊர்ப்பேச்சு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். வேலை முழுவதும் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் நடக்கிறது.

வேம்பு, முருங்கை, கருவேலம் ஆகியவற்றின் பிசின் தண்ணீரைக் குடித்து உப்பும் வகை. வெந்நீரில் நனைத்த பருத்தித் துணியை அதன்மேல் போட்டு வைத்தால் ஊறி, இளகி, விரல் நுனியில் வந்துவிடும். மாங்காய்க் காம்பிலிருந்து சொட்டும் பால் அப்படியல்ல. அதில் எண்ணெயும் குங்கிலியம் போன்ற பிசினும் கலந்திருப்பதால் தண்ணீருக்கு அசையாது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். பலாப்பாலோ ரப்பர் இனம். பலாப்பழம் அரியும்முன் கையில் எண்ணெய் தடவுகிற நம் வழக்கமே அதற்கு மருந்து. இன்னொன்றும் உண்டு. தை, மாசியில் மாமரம் பூக்கும்போது கார்மேல் படிகிற பிசுபிசுப்பு பெரும்பாலும் மரத்துடையதே அல்ல. பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் வெளியேற்றும் சர்க்கரை நீர் அது. சோப்புத் தண்ணீரிலேயே போய்விடும். ஆனால் விட்டுவைத்தால் அதன்மேல் கரும்பூசணம் படரும்.

“கொரோனா சமயத்துல சானிடைசர் கிடந்துச்சு தம்பி, அதத் தொட்டுத் தொடச்சுப் பார்த்தேன், மாம்பால் வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி நாங்க தின்னர்தான்” என்றார் பெரியவர். அந்த மாற்றம் அவர் கைகளுக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது. பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்த பகுதியில் தின்னர் பட்டால் நிறமே கரைந்து துணியோடு வந்துவிடும். அதனால் எந்த வண்டியானாலும் கதவின் உள்விளிம்பில், கண்ணுக்குப் படாத இடத்தில், பாலிஷ் தொட்ட துணியால் லேசாகத் தேய்த்துப் பார்க்கிறார். துணியில் நிறம் ஏறினால் மேலே க்ளியர் கோட் இல்லை என்று பொருள். அங்கே கை இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடிபோல் நிற்கும் அந்த க்ளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. வெயிலில் நிற்கும் கறுப்புப் பானெட் 70 டிகிரி செல்சியஸ்வரை சுடும். அந்தச் சூட்டில் பூச்சு சற்று நெகிழ்கிறது. காயும் பிசின் சுருங்கி அதை இழுக்கிறது. அதனால்தான் பிசினை எடுத்த பிறகும் சில இடங்களில் வட்டமாகத் தடம் தெரிகிறது. பொறுமையில்லாமல் நகத்தாலும் பிளேடாலும் சுரண்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்துப் பெரியவருக்கு வருகிற வருத்தம் உண்மையானது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெஷின் ஓட்டும் ஒவ்வொரு தடவையும் பூச்சில் கொஞ்சம் குறைகிறது. அது திரும்ப வளராது.

அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தேன். வண்டியை நிழலுக்குத் தள்ளி, பானெட்டைத் தண்ணீர் விட்டுக் குளிரவைத்தார்கள். ஷாம்பு போட்டு மண்ணை முழுதும் போக்கினார்கள். மணல் ஒட்டியிருக்கும்போது துணியை ஓட்டினால் கோடு விழும். பிறகு ஈரத்துணி. இளைஞர் ஒருவர் அவசரமாகத் துணியைத் தூக்கப் போக, “இருப்பா, ஊறட்டும்” என்று பெரியவர் தடுத்தார். இரண்டாவது தடவை ஊறிய பின்தான் பிசின் அசைந்தது. மீதிச் சொரசொரப்பைச் சோப்புத் தண்ணீர் விட்டு, க்ளே பார் என்கிற களிமண் கட்டியை வைத்து நகர்த்தினார். கைக்குத் தட்டுப்படாமல் போனதும் கையாலேயே பாலிஷ், மேலே மெழுகு. இந்தக் கடலோரத்தில் போர்வெல் தண்ணீரில் உப்பு இருப்பதால், கழுவிய ஈரத்தைத் தானாகக் காயவிடாமல் உடனே ஒற்றி எடுக்கிறார்கள். இல்லையென்றால் பிசின் போய் வெள்ளைப் புள்ளி வரும்.

துணிகளைப் பார்த்துக்கொள்பவர் பெரியவரின் மனைவி. தரையில் ஒருமுறை விழுந்த மைக்ரோஃபைபர் துணி அவரிடமிருந்து பெயிண்டுக்குத் திரும்பிப் போகாது; டயர் துடைக்கப் போய்விடும். அந்த ஒரு மணல்துகள் என்ன செய்யும் என்று கணவரைவிடத் தெளிவாக எனக்கு விளக்கியவர் அவர்தான்.

இந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. வாட்டர் வாஷோடு சேர்த்துச் செய்துதரச் சொல்கிறார்கள். துணி ஊறும் நேரத்தில் பெரியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பார்ப்பவருக்கு அவர் சும்மா நிற்பதாகத் தெரிகிறது. மெஷின் சத்தம் கேட்டால் பணம் கொடுக்கும் கை, சத்தமில்லாத வேலைக்குப் பேரம் பேசுகிறது. பூச்சைத் தேய்ப்பவருக்குக் கூடுதலாகவும் அதைக் காப்பாற்றுபவருக்குக் குறைவாகவும் கொடுக்கும் இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் விரல்களின் தோல் பல ஆண்டுத் தின்னரால் உலர்ந்து வெடித்திருக்கிறது. நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி வாங்குவதைக்கூடத் தள்ளிப்போடுகிற வருமானம்தான் அது.

மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்கும் வண்டிக்காரர்களும் வருகிறார்கள். “வெயில்ல நின்னா பெயிண்ட் முழுசா வெளுக்கும் சார், பிசினாச்சும் ஒரு இடத்துல இருக்கும். பார்த்த அன்னைக்கே ஈரத்துணி போடுங்க” என்கிறார் பெரியவர். தன் தொழில் குறையுமே என்று பார்க்காமல் சொல்கிற ஆலோசனை அது. பட்டறையின் விலைப்பலகையில் வாஷ், பாலிஷ், டிங்கரிங் என்று எழுதியிருந்தது. அதில் பிசின் எடுப்பதற்கும் ஒரு வரி, நியாயமான தொகையோடு, எழுதச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எழுதினால் யாராவது கேட்டுக் கொடுப்பார்களா என்று அவருக்குச் சந்தேகம். தன் மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.