மூஸா நபியின் தாய்க்குக் கொடுத்த வாக்கு

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஊர் அஹதிய்யாவில் சிறிய பிள்ளைகளுக்கு மூஸா (அலை) அவர்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிர்அவ்னின் ஆட்கள் ஆண் குழந்தைகளைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள். ஒரு தாய் தன் பச்சிளம் பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடுகிறார். பிள்ளை உன்னிடமே திரும்பி வரும் என்று அல்லாஹ் அவருக்கு உறுதி கூறுகிறான். அப்படியே நடக்கிறது.

கதை முடிந்ததும், பிள்ளைகளின் மனதில் பதிய வேண்டும் என்று ஒரு பாடமும் சேர்த்துவிட்டேன். "அல்லாஹ் வாக்கு மாறமாட்டான். நாமும் நல்ல பிள்ளைகளாக இருந்து துஆக் கேட்டால், கேட்டதையெல்லாம் தருவான்" என்றேன்.

பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழுந்தாள்.

"மிஸ், என்ட உம்மா குவைத்துக்குப் போகக்குள்ள பெருநாளைக்கு வாறன் எண்டு சொன்னா. ரெண்டு பெருநாள் போயிட்டு. நான் ஒவ்வொரு நாளும் துஆக் கேக்கிறன். அப்ப நான் நல்ல பிள்ளை இல்லியா?"

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். வெளிநாடு சென்ற பெண்களின் வீடுகளுக்குப் போய்க் குடும்ப விபரம் திரட்டுவது என் தொழிலின் ஒரு பகுதி. அவ்வளவு இருந்தும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இருக்கவில்லை. "இன்ஷா அல்லாஹ், வருவா" என்று சொல்லி வகுப்பைக் கலைத்துவிட்டேன்.

இரவு இதை உம்மாவிடம் சொன்னேன். உம்மா வெகுநேரம் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். எனக்கு 12 வயது. கடல் வந்தபோது உம்மாவின் கையில் இருந்த என் தம்பி போய்விட்டான். அவனுக்கு மூன்று வயது. இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை அன்று இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். 10,000 பேருக்கு மேல். மையித்தாவது கிடைத்தவர்கள் அடக்கினார்கள். எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

சில நாட்களில், கல்முனை ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை உயிருடன் இருக்கிறதாம் என்று கதை பரவியது. உம்மா ஓடினார். அது சில மாதக் கைக்குழந்தை. அன்று அனுமதிக்கப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் 'பேபி 81' என்று உலகமெல்லாம் பேசப்பட்ட குழந்தை அதுதான். ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாகச் செய்திகள் வந்தன. கடைசியில் மரபணுச் சோதனை செய்து, 2005 பெப்ரவரியில் பெற்றோரிடம் அக்குழந்தையை நீதிமன்றம் ஒப்படைத்தது. ஒரு தாய்க்கு அவர் பிள்ளை திரும்பக் கிடைத்தது. உம்மா வெறுங்கையுடன் வீடு வந்தார்.

அன்றிரவு உம்மா மெதுவாகச் சொன்னார்:

"அந்த நேரம் ஆறுதல் சொல்ல வந்த பொம்புளையெல்லாம் மூஸா நபிட உம்மாட கதையத்தான் சொன்னாங்க. அல்லாஹ் திருப்பித் தருவான் எண்டாங்க. நானும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தன். பிறகுதான் விளங்கிச்சு மகள், அல்லாஹ் அந்த வாக்கை அந்த உம்மாவுக்குத்தான் குடுத்தான். எனக்குக் குடுக்கல்ல. எனக்குச் சொன்னது வேற. சோதிப்பன் எண்டு சொன்னான். பொறுத்தாக் கூலி தருவன் எண்டு சொன்னான். தண்ணியில மௌத்தானவங்க ஷஹீத் எண்டு நபி சொல்லியிருக்காங்க. அதைப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கன்."

நான் எழுந்து வுழூச் செய்து ஸூரா அல்கஸஸை எடுத்து ஓதினேன். எத்தனையோ முறை ஓதியதுதான். ஆனாலும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட இரண்டு விடயங்கள் அங்கே இருந்தன.

ஒன்று, அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனது. அல்லாஹ்வின் வாக்கை நேரடியாகப் பெற்றவர் அவர். அவருக்கே இரகசியத்தை வெளியில் சொல்லிவிடும் அளவுக்குத் தவிப்பு. அல்லாஹ் அவரைக் கண்டிக்கவில்லை, உள்ளத்தைப் பலப்படுத்தினான். அப்படியென்றால் அழுவது ஈமான் குறைவல்ல.

மற்றது, அந்தத் தாய் தன் மகளைக் குழந்தையின் பின்னே அனுப்பினார். அந்தப் பெண்பிள்ளை யாருக்கும் தெரியாமல் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே போனாள். குழந்தை எந்தச் செவிலியிடமும் பால் குடிக்காதபோது, பாலூட்டக்கூடிய ஒரு வீட்டை நான் காட்டவா என்று கேட்டாள். அல்லாஹ்வின் வாக்கு அவள் மூலமாகத்தான் நிறைவேறியது.

என்னோடு வேலை செய்யும் கிறிஸ்தவச் சகோதரி ஒருவர் ஞாயிறு பாடசாலையில் இதே கதையைச் சொல்லிக் கொடுப்பவர். அவர்களுடைய வேதத்தில் யாத்திராகமத்தில் வருகிறது. "எங்கட பிள்ளைகளுக்கும் அந்த அக்காவைத்தான் பிடிக்கும்" என்றார்.

அடுத்த ஞாயிறு கதையை முழுதாகச் சொன்னேன். பிறகு அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்தேன்.

"மகள், போன கிழமை மிஸ் பிழையாச் சொல்லிட்டன். கேட்டதெல்லாம் உடனே கிடைக்கும் எண்டு அல்லாஹ் சொல்லல்ல. பெருநாளைக்கு வாறன் எண்டு சொன்னது உம்மா. அவவால வர ஏலாமப் போனதுக்கு நீ காரணமில்ல. நீ நல்ல பிள்ளைதான்."

அவள் அழுதாள். அழவிட்டேன்.

அந்த வாரமே அவளுடைய மூத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். கடவுச்சீட்டுப் பிரதி, அனுப்பிய முகவரின் விபரம் எல்லாம் தேடிக் கொடுத்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு முறைப்பாடு செய்தோம். சில மாதங்களின் பின் தொலைபேசி அழைப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் அந்த வீட்டார் கடவுச்சீட்டைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களாம். இன்னும் அவர் வந்து சேரவில்லை. ஆனால் இப்போது வெள்ளிக்கிழமைகளில் மகளோடு பேசுகிறார்.

சகோதரிகளே, நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ்வின் வாக்குகளை நாம் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆனால் அவன் சொல்லாத வாக்கை அவன் பெயரால் நாம் கொடுத்துவிடக் கூடாது. பரீட்சையில் சித்தி, நோய்க்குச் சுகம், போன உம்மா வருவது என்று நாமாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அது நடக்காதபோது பிள்ளை நம்மைச் சந்தேகிப்பதில்லை. தன்னைக் குறை காண்கிறது, அல்லது படைத்தவனைச் சந்தேகிக்கிறது. துஆ வீண் போகாது, பொறுமைக்குக் கூலி உண்டு என்பவை அவன் சொன்னவை. அவற்றை அப்படியே சொல்வோம். கதையில் வரும் கண்ணீரையும் மறைக்காமல் சொல்வோம். ஆற்றங்கரையில் நடந்த அந்தச் சகோதரியைப் போல, நம் அயலில் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக நாமும் கொஞ்சத் தூரம் நடப்போம்.

அந்தப் பிள்ளையின் உம்மா நலமாக வீடு வந்து சேர நீங்களும் துஆச் செய்யுங்கள்.