கடல் இல்லாத ஊரில் கடற்படை ஹெலிகாப்டர்கள்

சேலம், நாமக்கல் பக்கம் வயலுக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால், "பிரசாரத்துக்கு யார் வர்றாங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஹெலிபேடைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் தலைவரைப் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் இறக்கை சுற்றுவதைப் பார்க்க வந்தவர்கள்.

அதை ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் ரயில் தூரத்தில்தான் இருக்கிறது. சேலத்தில் சென்னை ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை, காட்பாடி தாண்டி அரக்கோணம். ஊரையொட்டி ஐ.என்.எஸ். ராஜாளி, கடற்படையின் விமானத் தளம். சுற்றிலும் வயலும் ஏரியும். கடல் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் இது. 1992 மார்ச் 11-ல் அன்றைய ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் இதைக் கடற்படைத் தளமாகத் தொடங்கிவைத்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் விமானங்களுக்கு அடைக்கலம் கொடுத்ததும் இந்த ஓடுதளம்தான்.

இங்குள்ள 561-வது அணிதான் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி. வண்டி, சேத்தக். பிரெஞ்சு வடிவமைப்பை வாங்கி பெங்களூரு ஹெச்.ஏ.எல். 1960-களில் தயாரிக்கத் தொடங்கியது. பயிற்சி பெறுபவர்களின் அப்பா, அம்மா வயதுகூட இருக்கும் அந்த மாடலுக்கு!

புதிதாக வருபவர்களுக்குப் பறப்பதைவிட அந்தரத்தில் அசையாமல் நிற்பதுதான் பெரும்பாடு. இடது கையில் ஒரு லீவர், வலது கையில் ஒரு ஸ்டிக், காலடியில் இரண்டு பெடல். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

சேத்தக்குக்கு ஒரே என்ஜின். நடுவானில் அது நின்றால்? கல் மாதிரி விழும் என்றுதான் நினைப்போம். விழாது. விமானி உடனே இடது கை லீவரை இறக்க வேண்டும். அப்போது கீழிருந்து வரும் காற்றே இறக்கையைச் சுற்றும். பனை ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடும்போது அது சுற்றுமே, அப்படி. தரை நெருங்கியதும் லீவரை உயர்த்தி, அந்தச் சுழற்சியைக் கொண்டே மெதுவாக இறக்க வேண்டும். சீக்கிரம் உயர்த்தினாலும் ஆபத்து, தாமதித்தாலும் ஆபத்து. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். நாளை இவர்கள் இறங்கப்போவது அலையில் ஆடும் கப்பலின் மேல்தளத்தில்.

2024 ஜூனில் இங்கே பயிற்சி முடித்து தங்கச் சிறகுச் சின்னம் பெற்றவர்களில் ஒருவர் சப்-லெப்டினன்ட் அனாமிகா பி.ராஜீவ். கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி அவர்தான்.

இந்தப் படிப்பின் பலன் என்ன என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீடுகளைச் சுற்றித் தண்ணீர் நின்றபோது, ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியிலுள்ள ஐ.என்.எஸ். பருந்து தளத்து ஹெலிகாப்டர்கள்தான் உணவுப் பொட்டலங்களோடு வந்தன. ராஜாளி, பருந்து... கடற்படை நம் பறவைப் பெயர்களைத் தேடித்தான் வைத்திருக்கிறது.

தளத்துக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. வெளியே நின்று போட்டோ எடுக்கவும் நினைக்காதீர்கள். வானத்துக்கு மட்டும் கேட் இல்லை. அரக்கோணத்துப் பிள்ளைகள் அதைத்தான் பார்க்கிறார்கள்.