தண்ணீர் அரிக்கும் பாலைக்கோட்டை

ஜெய்சல்மேருக்கு வருகிறவர்கள் முதலில் ஓடுவது கோட்டைக்கு. ஏரிக்கரையில் ஆரம்பிப்பதே சரி. ஆண்டுக்குச் சுமார் 20 செ.மீ. மழையை நம்பிப் பிழைத்த ஊர் இது.

கோட்டைக்குக் கீழே கடிசர் ஏரி. 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்சி சிங் செப்பனிட்டது. குழாய் வரும்வரை ஊருக்கே குடிநீர் இதுதான். கரைக்குப் போகும் வழியில் தீலோன் வாயில். கட்டியவர் ஒரு கணிகையாம். மன்னர் இடித்துவிடாதபடி உச்சியில் கிருஷ்ணர் கோயிலையும் வைத்துவிட்டாராம். இன்று ஏரியில் படகுச் சவாரி.

மேற்கே சில கி.மீ. தள்ளி அமர் சாகர். ஏரி வற்றினாலும் பயமில்லை. அதன் தரையிலேயே தோண்டிய கிணறுகளில் ஊற்று நீர் நிற்கும்.

சாம் மணல்மேடுகளுக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்தால் குல்தரா. பாலிவால் பிராமணர்கள் 19ஆம் நூற்றாண்டில் கைவிட்டுப் போன கிராமம். வழிகாட்டிகள் சாபக் கதை சொல்வார்கள். அதைவிடப் பெரிய அதிசயம், ஓடிவரும் மழைநீரை மண்கரையால் மறித்து, ஊறிய ஈரத்திலேயே கோதுமை விளைவித்த அவர்களது 'கடீன்' வயல்கள்.

கடைசியில் கோட்டை. 1156இல் எழுந்தது, உள்ளே இன்னமும் மக்கள் வசிக்கிறார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்தில் ஆபத்தில்லை. குழாயும் விடுதிகளும் வந்தன. கசியும் கழிவுநீரில் அடிமண் இளகி, கொத்தளங்கள் சில சரிந்தன. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் இதை அபாயப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் யுனெஸ்கோ அந்தஸ்து வந்தது.

கோட்டையை ஏறிப் பாருங்கள். தங்குவது கீழே இருக்கட்டும்.